டம்ளரை மாற்றிக் குடித்த தலைவர்

கூட்டத் தலைவர் சக்கரபாணி அவர்களே, டெல்லியிலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கணவரை இழந்து நிற்கும் அஞ்சலாட்சி அம்மையாரே, உப்பளம் மைதானத்தில் திரண்டிருக்கும் ஆலைத் தோழர்களே! நான் நெசவுப் பிரிவு பக்கிரி. மறைந்த தலைவர் அரிகிருஷ்ணன் அவர்களின் நிழலாக முப்பத்திரண்டு ஆண்டுகள் நடந்தவன். அவர் விட்டுச்சென்ற சங்கத் தலைவர் பதவிக்கு நாளை நடக்கும் தேர்தலில் நிற்பவன்.

பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த புரட்சிக்காரர், நாடாளுமன்றத்தை அதிர வைத்த தேசியத் தலைவர் என்று முன்னால் பேசியவர்கள் புகழ்ந்தார்கள். உண்மைதான். ஆனால் அவர் எவரையும் நம்பாதவர் என்பதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? பயமா?

பிள்ளைச்சாவடியில் தலைமறைவாக இருந்தபோது, கூட வேலை செய்த ஒருவன் காபி கொண்டுவந்து கொடுத்தான். அதில் மயக்க மருந்து. கண் விழித்த இடம் லாக்கப்! அன்றிலிருந்து யார் எது குடிக்கக் கொடுத்தாலும், தன் டம்ளரைக் கொடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டு, கொடுத்தவருடைய டம்ளரை எடுத்துக்கொள்வார். டெல்லியில் ஒரு மந்திரி வீட்டிலும் மாற்றினார். மந்திரி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

என்னிடம் மாற்றாத நாள் உண்டா? அவர் மேல் விழவேண்டிய தடியடியை என் முதுகில் வாங்கினேனே, அன்று சாயங்காலமும் மாற்றினார்! அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் ஆறவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பக்கிரி, எனக்கு இரங்கல் கூட்டம் போடுவானுங்க. மொதல்ல எவன் அழுவுறான்னு பாத்துக்கினு இரு. அவங்கிட்ட சங்கத்தக் குடுத்துடாதீங்க."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மேடையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு உள்ளே போயின. கூட்டத் தலைவர் சக்கரபாணி தொண்டையைக் கனைத்தார். கண் காய்ந்தே இருந்தது. கோபிக்காதீர்கள், எனக்கு இட்ட உத்தரவு அது.

அன்று ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லிவிட்டு அரிகிருஷ்ணன் அண்ணன் டீ கேட்டார். பிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் ஊற்றினேன். பழக்கத்தில் என் டம்ளரை நானே அவர் பக்கம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்து, தன்னுடையதையே எடுத்துக் குடித்தார்.

"ஏண்ணே, மாத்தலையா?"

"நீ குடுத்ததுதானடா."

முப்பத்திரண்டு வருஷம் நான் காத்திருந்தது அந்த ஒரு வாய் டீக்குத்தான்... பொறுங்கள் தோழர்களே... ஒரு நிமிஷம்...

பார்த்தீர்களா? இங்கே முதலில் அழுதவன் நான்!

நான் அழுவேன் என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் அந்த டீயை மாற்றாமல் குடித்தாரா? இந்தச் சந்தேகத்தை இனி யாரிடம் போய்க் கேட்பேன்!

பதவி ஆசை எனக்கு இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் நாளைய தேர்தலிலிருந்து விலகுகிறேன். அவருடைய பணியைத் தொடர்வேன் என்று இந்தப் படத்தின் முன்னால் உறுதி சொல்கிறேன். நாளை நீங்கள் யாரைத் தலைவராக்கினாலும், முதல் ஆளாக அவரோடு டீ குடிக்க வருவேன். அவருடைய டம்ளரைத்தான் எடுப்பேன்.