சிப்பிக்கு ரத்தம் இல்லை

மரக்காணத்தில் சிப்பி சாப்பிட்டிருக்கிறீர்களா, இன்ஸ்பெக்டர் சார்? கடற்கரைக்குப் போகிற மணல் பாதையில், சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் சவுரிராயன் கடை இருக்கிறது. கீற்றுக் கொட்டகை, நாலு பெஞ்சு, அவ்வளவுதான். ஆனால் அவன் பாண்டிச்சேரியில் ஏதோ ஓட்டலில் பத்து வருஷம் சமையல்கட்டில் இருந்தவன். அவன் பெண்டாட்டி இருதயமேரி சிப்பியை ஆவியில் வேக வைப்பாள். வாய் திறந்ததும் மிளகுத்தூள், பொடியாக நறுக்கின சின்ன வெங்காயம், இரண்டு சொட்டு எலுமிச்சை. சுடச்சுட வாயில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். இந்த விவகாரமெல்லாம் ஓய்ந்த பிறகு குடும்பத்தோடு ஒருநாள் போய் வாருங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

என்னை உங்களுக்குத் தெரியும். பெருமுக்கல் சீனுவாசன் என்றால் மயிலம் மலையடிவாரத்துப் பூக்கடைக்காரன்கூட எழுந்து நிற்பான். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஊர்க் காவடிக் கூட்டத்தைப் பதினோரு வருஷமாக நடத்திப் போகிற குருசாமி நான். நாற்பத்தெட்டு நாள் மாலை. ஒருவேளைச் சாப்பாடு, செருப்பு கிடையாது, பாய் கிடையாது, கவுச்சி கிடையாது. என் பெண்டாட்டி கிருஷ்ணவேணி மற்ற நாளிலேயே மீன் சட்டியை வாசலுக்கு அந்தப் பக்கம்தான் வைப்பாள்.

சிப்பி கவுச்சியா என்பதில்தான் எனக்கும் ஊருக்கும் கருத்து வேற்றுமை. யோசித்துப் பாருங்கள். அதற்கு ரத்தம் இல்லை, முகம் இல்லை. வெட்டினால் கத்தாது. பாறையில் ஒட்டிக்கொண்டு பூசணிக்காய் போலக் கிடக்கிறது. சவுரிராயனும் இருதயமேரியும் அதே மாதம் தவக்காலம் என்று கறியைத் தொடுவதில்லை. ஆனால் மீன் தின்கிறார்கள். அவர்கள் சாமி ஒத்துக்கொண்டதை எங்கள் முருகன் மட்டும் மறுத்துவிடுவானா? அதனால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் போய் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு வருவேன். மாலையைக் கழற்றினால் விரதம் முறிந்துவிடுமே என்று கழுத்திலேயே வைத்துக்கொண்டு மேலே துண்டைப் போர்த்திக்கொள்வேன். அவ்வளவு பக்தி எனக்கு.

இந்த வருஷம் துண்டு நழுவிவிட்டது. கடற்கரைக் காற்று சார், யாரைக் குறை சொல்வது?

பார்த்தவன் கோதண்டபாணி. எங்கள் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்குகிறவன். கோடையில் மரக்காணம் உப்பளத்துக்கு மூட்டை தூக்கப் போவான். எங்கள் காவடிக்குப் பம்பை அடிப்பதும் அவன்தான். அவனும் மாலை போட்டிருந்தான். மாலை போட்டுவிட்டால் எவனையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். வருஷம் முழுக்க வாடா போடா என்றவனை நாற்பத்தெட்டு நாள் சாமி, சாமி என்று அழைப்பது எத்தனை சங்கடம் என்று மாலை போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதையும் குறைவில்லாமல் செய்தேன்.

அவன் மிரட்டினான் என்று நீங்கள் நினைத்தால், அது அபாண்டம். பாவம், அவனுக்கு மிரட்டவெல்லாம் வராது. கொட்டகை வாசலில் தண்ணீர் கேட்டு நின்றவனுக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"சாமி, நீங்களா! அப்பாடா, எனக்கு இப்பத்தான் உசுரே வந்துச்சு."

"இன்னா சாமி ஆச்சு?" என்றேன்.

"போன வாரம் பசி தாங்காம உப்பளத்துல ஒரு துண்டு கருவாடு துன்னுட்டேன் சாமி. அன்னிலேர்ந்து மனசு உறுத்திக்கினே கீது. குருசாமி நீங்களே துன்றீங்கன்னா அம்மாம் பெரிய தப்பு ஒண்ணும் இல்ல போல. வெள்ளிக்கிழமை சொல்லிடறேன். நீங்களும் சொல்லுவீங்கல்ல?"

வெள்ளிக்கிழமை என்று அவன் சொன்னது எதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முன் எங்கள் கூட்டத்தில் பிழை சொல்கிற வழக்கம் உண்டு. காவடிகளை வரிசையாக நிறுத்தி வைத்து, ஒவ்வொருத்தனாக முன்னால் வந்து, விரதத்தில் தவறியதை ஊர் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். பீடி குடித்தேன், பெண்டாட்டியைத் திட்டினேன், கண்டதைத் தின்றேன் என்று. தோப்புக்கரணம் போட்டால் நான் விபூதி பூசுவேன். மறைத்தவனுக்கு மலைப்படியில் கால் இடறும் என்பார்கள். கடைசியில் நான் எழுந்து, "எங்கிட்ட பிழை ஒண்ணும் இல்ல" என்பேன். கூட்டம் அரோகரா போடும். பதினோரு வருஷமும் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டவனுக்குச் சிப்பியின் ருசிகூட இரண்டாம்பட்சம்தான்.

"எதுக்கு சாமி அதெல்லாம்? நீ உன்னுத மட்டும் சொல்லு" என்று சொல்லிப் பார்த்தேன்.

"மறைக்கக் கூடாதுன்னு நீங்கதான சாமி சொல்லுவீங்க? என்னுத சொல்லி உங்களுத வுட்டா அதுவும் பிழைதான?" என்றான். என் பாடத்தை எனக்கே ஒப்பித்தான். இப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது? ஒரே பேஜாரு.

சவுரிராயன் கடையின் பின்பக்கம் ஒரு கூடை இருக்கிறது. ஆவியில் வாய் திறக்காத சிப்பிகளை இருதயமேரி அதில்தான் போடுவாள். திறக்காதது முன்னமே செத்தது, தின்னக் கூடாது என்பது அவர்கள் தொழில் கணக்கு. சுண்ணாம்புக் காளவாய்க்காரன் வாரத்துக்கு ஒருமுறை வந்து அள்ளிப் போவான். அதுவரை வெயிலில் கிடக்கும். போன வருஷம் சவுரிராயன் வளர்த்த நாய் அதைத் தின்று மறுநாளே செத்துப்போனதை அவனே என்னிடம் சொல்லி அழுதான். நல்ல நாய்.

புதன்கிழமை கோதண்டபாணியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். மத்தியானம் இருதயமேரி மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தாள், சவுரிராயன் அடுப்போடு இருந்தான். பின்பக்கம் போய்க் கூடையில் அடியிலிருந்து எட்டு எடுத்து, கத்தியால் நெம்பித் திறந்தேன். மிளகுத்தூளும் எலுமிச்சையும் தாராளமாகப் போட்டேன். விரத காலத்தில் உயிரைக் கொல்லக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. இவை ஏற்கெனவே செத்தவை.

அவனைப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவன் கீழே மணலில் உட்காரப் போனான். கையைப் பிடித்து மேலே உட்கார வைத்தேன். தட்டை நானே அவன் முன்னால் வைத்தேன். அவன் வம்சத்தில் யாருக்கும் எங்கள் வீட்டு ஆள் இப்படிச் செய்ததில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பன் பார்த்திருக்கணும் சாமி" என்றான்.

முதல் சிப்பியை வாயில் போட்டதும் கொஞ்சம் நிறுத்தினான். "இன்னா சாமி, ஒரு மாதிரி நாறுது?"

"அதான் ருசியே. பாண்டிச்சேரில வெள்ளக்காரன் இப்படித்தான் பச்சையா துன்னுவான். பழகாத நாக்குக்கு அப்படித்தான் இருக்கும். ஜல்தியா முழுங்கிடு சாமி."

முழுங்கினான். எட்டையும் முழுங்கினான். நான் கொடுத்ததை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லையே. நான் அன்று ஒன்றும் தொடவில்லை. புதன்கிழமை முழுப் பட்டினி இருக்கிறேன் என்று சொன்னேன். அது பொய் அல்ல, அன்று எனக்குப் பசியே இல்லை.

அன்று சாயங்காலம் பிடித்த வாந்திபேதி நிற்கவில்லையாம். வியாழக்கிழமை விடியும்போது திண்டிவனத்துக்குக் கொண்டுபோகிற வழியில், பெருமுக்கல் எல்லையைத் தாண்டும் முன்னே, அவன் பெண்டாட்டி குப்பம்மாள் மடியில் உயிர் போயிற்று. சேதி கேட்டதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். உறவு இல்லாததால் எனக்குத் தீட்டு இல்லை. வல்லத்திலிருந்து வேறு பம்பைக்காரனை ஏற்பாடு செய்தேன். வெள்ளிக்கிழமை பிழை சொல்லும்போது நம் கோதண்டபாணி இல்லாமல் போனானே என்று எல்லோருக்கும் சொல்லி வருத்தப்பட்டேன். மனசார வருத்தப்பட்டேன் சார். பம்பையில் அவன் கை வேறு கை. பிறகு எழுந்து, வழக்கம்போல, எங்கிட்ட பிழை ஒண்ணும் இல்ல என்றேன். இந்த வருஷம் அரோகரா கொஞ்சம் பலமாகவே இருந்தது. மலைப்படியிலும் கால் இடறவில்லை. அதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

குப்பம்மாள் உங்களிடம் வந்து அழுததாகச் சொன்னீர்கள். சாகிறபோது அவன் என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லையாம். "குருசாமி அவரு கையால பிரசாதம் மாதிரி குடுத்தாரு" என்று மட்டும் சொன்னானாம். நம்பிக்கையான ஆள். கூடையில் அடிச்சிப்பிகள் கலைந்து கிடந்ததை இருதயமேரி கண்டுபிடித்ததும், கத்தியில் எலுமிச்சை வாசனை வந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

ஆகவே ஒளிக்க ஒன்றுமில்லை. எழுதிக்கொள்ளுங்கள். செத்த சிப்பி என்று தெரிந்தே கொடுத்தேன். சாவான் என்று தெரிந்தே கொடுத்தேன். கோதண்டபாணியைக் கொன்றவன் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தைக் கோர்ட்டில் எல்லோர் முன்னிலும் படிப்பார்களாமே? மாலை போட்டுக்கொண்டு நான் சிப்பி சாப்பிட்டேன் என்று மேலே சொன்னேன் பாருங்கள், அந்த இடத்தை மட்டும் அடித்துவிடுங்கள். பதினோரு வருஷ விரதத்தில் என்மேல் ஒரு பிழையும் இல்லை சார்.