டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னவர்

“டிவி சத்தத்தக் கொறைக்கச் சொல்லி என்னாண்டயே சொல்லிட்டாங்க யக்கா!”

அடையாறு பேருந்தில், காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த பெண் இதைப் பெருமையாகச் சொன்னதால் திரும்பிப் பார்த்தேன்.

“யாருடி சொன்னது?” என்றார் பக்கத்தில் இருந்த மூத்தவர்.

“முன்னாடி டிவில, போன் பண்றவங்களுக்குப் பாட்டு போடுவாங்களே, அவங்க. இப்ப படம் எடுக்குற ப்ரொட்யூசரு. எங்க தெருவுலதான் ஷூட்டிங்கு.”

“அப்பல்லாம் அவங்களுக்குத்தான தெனம் போன் போட்டுக்கினு கெடந்த?”

“ஒரு நாளும் லைன் கெடைக்கல. கெடைச்சவங்களாண்ட மொதல்ல இன்னா சொல்லுவாங்க? டிவி சத்தத்தக் கொறைங்கன்னுதான? நேத்து அத்தினி ஆளுங்க இருந்தும் அவங்களே வாசல்ல வந்து நின்னாங்க. ‘அக்கா, டிவி சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க, டயலாக் எடுக்கிறோம்’னாங்க. அதே கொரலு!”

“அம்மாடியோவ்! நீ இன்னா சொன்ன?”

“ ‘என் பேரு மேரி, பட்டினப்பாக்கத்துலேர்ந்து பேசுறேன்’னேன்.”

“எதிர்ல நிக்கிறவங்களாண்டயா?”

“வாயில அதான் வந்துது. அவங்களும் விடல. ‘சொல்லுங்க மேரி, என்ன பாட்டு வேணும்?’னு கேட்டாங்க.”

“இன்னா பாட்டு கேட்ட?”

கூடையை இறுக்கி அணைத்துக்கொண்டார் அந்தப் பெண்.

“ஒரு பாட்டும் ஞாபகம் வரல யக்கா.”