கரடிக்கு வாங்கின நாய்

நாய் குரைக்கல. அவ்வளவுதான் விஷயம்.

கரடிக்குன்னே வாங்கின நாய், தம்பி. விடியறதுக்கு முன்னாடி கார எடுத்து, வெஸ்ட் வர்ஜினியா மலைக்குள்ள போய், பாத்துப் பாத்து எடுத்துட்டு வந்த நாய். வாயத் தொறக்கல. சாப்பிடத் தொறக்கும். கொட்டாவி விடத் தொறக்கும். மத்தபடி... ம்ஹூம்.

உக்காருங்க. நின்னுட்டே இருந்தா எனக்குக் கழுத்து வலிக்குது. ஷூ கழட்ட வேணாம். சரி, கழட்டிட்டீங்க, விடுங்க. சபரிநாதன்தானே? போன மாசம் பக்கத்து வீட்டுக்கு வந்தவரு. இர்விங்ல இருந்தீங்களாமே, என் வீட்டுக்காரி ஞானமணி சொன்னா. அங்க அபார்ட்மென்ட் வாசல்ல கரடி நிக்காது. இங்க நிக்கும். வீடு காட்டின ஏஜென்ட் அதச் சொல்லிருக்க மாட்டாங்க. 'நேச்சர் வியூ'ன்னு சொல்லிருப்பாங்க.

யார் ட்ரெய்ன் பண்ணாங்கன்னுதானே கேட்டீங்க. நம்பர் வேணும். தர்றேன். தரமாட்டேன்னா சொன்னேன்? முதல்ல இருந்து சொன்னாத்தானே புரியும். காபி வருது. அவசரப்படாதீங்க.

நான் ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல இருந்தேன். மருந்துக் கம்பெனி வேலை. ஒரே சத்தம். பக்கத்து வீட்ல இலைய ஊதித் தள்ற லீஃப் ப்ளோயர், எதிர் வீட்ல பர்த்டே பார்ட்டி, தலைக்கு மேல ஏரோப்ளேன். ரிட்டயர் ஆனதும் சொல்லிட்டேன், மனுசன் சத்தமே கேக்காத இடம் வேணும்னு. அப்படி வந்ததுதான் இந்த வெர்னன். முன்னாடி ரோடு, பின்னாடி காடு. அமைதி. கரடியும் அமைதியாத்தான் வரும், அதுதான் கஷ்டம். வர்றது தெரியாது. திரும்பிப் பாத்தா இருக்கும்.

ஞானமணி தோசை ஊத்திட்டு இருந்தா. பின்னாடி மரத் திண்ணை, அதான் டெக்கு, அதுக்குப் போற கண்ணாடிக் கதவுல கரடி மூஞ்சிய வச்சு அமுக்கிட்டு நிக்குது. மூச்சு விட விட கண்ணாடில ஆவி படியுது. இவ என்னைக் கூப்பிடல. நேரா மாதாவக் கூப்பிட்டா. தோசை கருகிப் போச்சு. அன்னிக்கு அடுப்ப அணைச்சிட்டு ஒண்ணு சொன்னா: "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள கரடி போகணும். இல்லன்னா நான் ஆட்ரியன் வீட்டுக்குப் போறேன். நீங்க இங்கயே இருந்து அதுக்குத் தோசை ஊத்திக் குடுங்க."

ஆட்ரியன் என் பையன். இன்னும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்லதான் இருக்கான். ஞானமணி சொன்னா செய்வா, தம்பி. அன்னிக்கே சூட்கேஸ இறக்கி ஹால்ல வச்சிட்டா. போற வர்றப்பல்லாம் முட்டில இடிக்குது. எனக்குத் தோசை ஊத்தத் தெரியாது. தெரிஞ்சாத்தான் என்ன? அவ இல்லாத வீட்ல எனக்கு என்ன காடு, என்ன அமைதி...

அத விடுங்க. நாய் கதைக்கு வாங்க.

என்னது? கரடி ஏன் வருதா? இதையேதான் எல்லாரும் கேக்குறாங்க. கரடின்னா வரும். பனிக்கு முன்னாடி பேய் மாதிரித் திங்கும். நீங்க குப்பைத் தொட்டிய ராத்திரியே வெளிய வச்சிர்றீங்க. எதிர் வீட்டம்மா பறவைக்குத் தீனி தொங்க விடுறாங்க. என் டெக்ல என்ன இருக்கு? ஒண்ணும் கெடையாது. கொஞ்சம் கருவாடு. அட, கொஞ்சந்தான். நெத்திலி. வெயில்ல காயாம மைக்ரோவேவ்லயா காயும்? என்ன பார்வை அது?

வெஸ்ட் வர்ஜினியால டுவெய்ன்னு ஒருத்தர். அப்பா காலத்துல இருந்தே கரடி வேட்டை. அவங்க மலைல நாய விட்டு வேட்டையாடலாம். நம்ம நியூ ஜெர்சில கூடாது. நமக்கு வேட்டை வேணாம், வாசல்ல நின்னு வெரட்டினாப் போதும்னேன். ப்ளாட் ஹவுண்ட்னு ஒரு ஜாதி. உடம்பெல்லாம் புலி மாதிரி வரி. குட்டி போட்டிருக்கு, வாங்கன்னாரு.

நான் மட்டும் போயிருக்கணும். ஞானமணியக் கூட்டிட்டுப் போனேன். அவ பட்டுச்சேலை கட்டிட்டா! வெறுங்கையோட போகக்கூடாதுன்னு தாம்பாளத்துல ஆப்பிள், வாழைப்பழம், ஒரு டப்பா அல்வா. பொண்ணு பாக்கப் போற மாதிரியே. டுவெய்ன் அல்வாவயும் பாக்குறாரு, இவளயும் பாக்குறாரு. இவ கேக்குறா: "அம்மா எது? அப்பா எப்படி, கோபக்காரரா? கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?" அவரும் பாவம், தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னாரு.

அப்புறம் ஒரு பழைய கரடித் தோல எடுத்துட்டு வந்து புல்லுல போட்டு இழுத்தாரு. குட்டிங்க பாயுது. அதுல ஒரு பொட்டைக்குட்டி, அப்பப்பா, காது கிழியுது. கிட்டப் போய்க் கடிக்கல. ஓடவும் இல்ல. நாலடி தள்ளி நின்ன எடத்துலயே நின்னு கத்துது. டுவெய்ன் அதத் தூக்கி என் முன்னாடி நீட்டினாரு. இதான் உங்களுக்குன்னாரு. கரடி நாய்க்குப் பல்லு முக்கியமில்லையாம், தொண்டைதான் முக்கியமாம். கடிக்கப் போற நாய் அடிபட்டுச் செத்துருமாம். தள்ளி நின்னு, விடாம, சலிக்காமக் குரைக்கணும். கரடிக்கு வெறுத்துப் போகணும். மரத்துல ஏறிரும், இல்ல காட்டுக்குள்ள போயிரும்.

ஞானமணி என் காதுல சொல்றா: "ஐயோ, இது வாயாடிங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. மூலைல ஒண்ணு படுத்திருந்துச்சு. கால் மேல தாடைய வச்சுக்கிட்டு, கண்ணத் தாழ்த்திக்கிட்டு, பூசைல முதல் பெஞ்சுல உக்காந்த மாதிரி. தோல் பக்கம் திரும்பல. அடக்கம்னா அடக்கம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கை காட்டினோம். டுவெய்ன் "ஆர் யூ ஷ்யூர்?"னாரு. மறுபடியும் கேட்டாரு. கார் வரைக்கும் வந்து ஜன்னலத் தட்டியும் கேட்டாரு. ஷ்யூர்னேன்.

ஆமாய்யா, அவரு சொல்லத்தான் செஞ்சாரு. அழுத்திச் சொல்லணும்ல? கையப் பிடிச்சுத் தடுத்திருக்கணும்ல?

ரோஸின்னு பேர் வச்சோம். தயிர்சாதம் திம்பா. சொல்லாமலே கால் தொடச்சிட்டு உள்ள வருவா. தங்கமான பிள்ள. கரடி வந்துச்சு. நான் கதவத் தொறந்து "போ ரோஸி!"ன்னேன். போனா. கரடி பக்கத்துல உக்காந்தா. அது ஒரு வாய் நெத்திலி, இவ ஒரு வாய் நெத்திலி. ஒரே தட்டுல! சம்பந்தி வீட்டு விருந்து மாதிரி. வால் வேற ஆடுது.

நான் சும்மா இருப்பேனா? யூட்யூப்ல நாய் குரைக்கிற வீடியோ போட்டுக் காட்டினேன். தூங்கிட்டா. கரடி வாசம்னு ஒரு பாட்டில் விக்கிறான், அத வாங்கி ஆட்ரியனோட பழைய கோட்ல தெளிச்சு அவனையே போட்டுக்கச் சொன்னேன். "டாட், திஸ் இஸ் எம்பாரஸிங்"னு கார எடுத்துட்டுப் போயிட்டான். கடைசில நானே குரைச்சேன். ஆமா. டெக்ல, நாலு கால்ல. எதிர் வீட்டம்மா அப்பத்தான் மெயில் எடுக்க வந்தாங்க. கையசைச்சாங்க. நானும் ஒரு கைய எடுத்து அசைச்சேன். ரோஸி என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை, ஆஸ்பத்திரில நோயாளியப் பாக்குற மாதிரி.

சிரிங்க, சிரிங்க. ஹால்ல சூட்கேஸ் உங்களுக்கா இருந்துச்சு?

நவம்பர் கடைசி, தேங்க்ஸ்கிவிங் லீவு வந்துச்சு. ஆட்ரியன் வந்தான். அவன் வீட்டுக்காரியும் வந்தா. அவன் தானாப் பாத்துக் கட்டினது. டொராண்டோ பொண்ணு, யாழ்ப்பாணத்துக்காரங்க. நாங்க வேற ஒரு எடம் பாத்து வச்சிருந்தோம், நாகர்கோவில்ல, அமைதியான பொண்ணு, பேசுனா எறும்புக்குக் கூடக் கேக்காது. இவன் கேக்கல. இவன் கட்டினவ பேசுனா ஹைவே வரைக்கும் கேக்கும். கல்யாணத்துல மைக் வேலை செய்யல, இவ மைக் இல்லாமயே ஹால் முழுக்க நன்றி சொன்னா. கடைசி வரிசைல இருந்தவங்ககூடக் கை தட்டினாங்க. நான் தட்டல. இன்னிக்கு வரைக்கும் நான் அவளப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்ல. கூப்பிடத் தேவையும் வரல. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவ பதில் சொல்லிருவா.

மத்தியானம். எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு. மருமக நண்டுக் குழம்புச் சட்டிய ஆற வைக்கணும்னு டெக்குக்குப் போனா. படில கரடி ஏறுது. நான் பாத்துட்டேன். ஒரு கையில ரோஸியோட கயிறு, இன்னொரு கை கதவுல. தொண்டைல சத்தம் வரல, தம்பி. எனக்கே வரல! நாயச் சொல்லி என்ன பண்ண?

அவ சட்டியக் கீழ வச்சா. ஓடல. மூடிய எடுத்துக் கரண்டியால ஒரு அடி. அப்புறம் வாயத் தொறந்தா பாருங்க. "டேய் கரடி! போடா அங்கால! மனுசர் இருக்கிற வீடெண்டு தெரியாதோ உனக்கு? போ! போ எண்டுறன்!" நாலடி தள்ளி, நின்ன எடத்துல நின்னுக்கிட்டு, விடாம. வீட்டு ஜன்னல் அதிருது. கரடி நின்னுருச்சு. அதுக்கே சந்தேகம், உள்ள வரலாமா வேணாமான்னு.

ரோஸி அவளப் பாத்தா. கழுத்தத் தூக்கினா. அடிவயித்துல இருந்து ஒண்ணு வந்துச்சு... நான் கயித்த விட்டுட்டேன். டுவெய்ன் சொன்ன மாதிரியே, ஓடிப்போய் அவ காலடில நின்னு, கடிக்காம, சலிக்காம. ரெண்டு பேரும் சேந்து. கரடி திரும்பி அந்த ஓக் மரத்துல ஏறிருச்சு.

அப்புறம் ஒரு தொல்லை. நாய் கீழ நின்னு குரைக்கிற வரைக்கும் கரடி எறங்காதாம். நான் "ஸ்டாப்"ங்கறேன், "போதும்"ங்கறேன், "உள்ள வா"ங்கறேன். கேக்கல. அவ்வளவு நாள் குரைக்காதது மொத்தத்தையும் அன்னிக்கே குரைச்சிருவேங்குது. அதே 'போதும்'ங்கறத அவ தன் ஊர்ப் பேச்சுல சாதாரணமாச் சொன்னா, "காணும் ரோஸி, வா உள்ளுக்கு." வந்துட்டா. கொஞ்ச நேரத்துல கரடியும் எறங்கிப் போயிருச்சு. இவ என் பக்கம் திரும்பி, "கருவாட்ட வெளியில காயப்போட்டுட்டுக் கரடியப் பேசுறியள் மாமா, நல்ல கதை"ன்னா.

இப்பவும் ரோஸி தனியாக் குரைக்க மாட்டா. மருமக குரல் கேக்கணும். அதனால கரடி வந்தா நான் போன் போடுவேன், ஸ்பீக்கர்ல. ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தாலும் பார்க்கிங் லாட்டுக்கு எறங்கி வந்து கத்துவா. ரோஸி சேந்துக்குவா. நாலஞ்சு தடவை ஆச்சு. இப்ப கரடி இந்தப் பக்கமே வர்றதில்ல. ஞானமணி சூட்கேஸப் பரண்ல ஏத்திட்டா. கிறிஸ்மஸ் குடில்கூட இங்கயேதான் போட்டிருக்கா.

உங்க பக்கம் வருதா? ம்... வரும்.

எது, வேலியோரத் தட்டா? அது... டெக்ல காயப்போடக் கூடாதுன்னு மருமக ஆர்டர் போட்டுட்டா. அதான் கொஞ்சம் தள்ளி வச்சேன். வேலியோரம் நல்ல வெயில். கொஞ்சம் உங்க பக்கம் நீட்டிட்டு இருக்கு, ஒத்துக்கறேன். எந்திரிக்காதீங்க! காபி குடிக்காமப் போனா ஞானமணி என்னைத்தான் பேசுவா. சரி, இன்னிக்கே கராஜுக்குள்ள எடுத்து வச்சிர்றேன். வச்சிர்றேன்னு சொல்றேன்ல?

போன எடுங்க. நம்பரப் போட்டுக்கங்க. ஆங்... சரியா இருக்கு. என்ன பேர்லயா? 'டாக் ட்ரெய்னர்'னு போடுங்க. வேணாம், அழிங்க. 'ஆட்ரியன் வீட்டுக்காரி'ன்னு... நீங்க எப்படி அப்படிப் போடுவீங்க. பேர் இருக்கே. ஞானமணி, கிச்சன்ல நின்னு சிரிக்காத, கேக்குது எனக்கு. எழுதுங்க தம்பி.

தர்சனா.