பரீனாவின் பெயரில்

கொங்கிறீட் போடும் நாளில் சாப்பாடு முதலாளியின் செலவு. எங்கள் பக்கத்தில் எல்லாக் கொந்தராத்துக்காரர்களும் இதைத் தவறாமல் செய்கிறார்கள். மிக்சர் ஓய்ந்ததும் சோறும் மாட்டிறைச்சிக் கறியும் வரும். சம்பளம் பிந்தலாம், அந்தச் சோறு பிந்தாது.

நான் கொந்தராத்துக்காரர் முத்தலிபு ஹாஜியாரின் கணக்கப்பிள்ளை. கணக்கியலில் டிப்ளோமா படித்தவன். படித்ததை மறக்க அதிக காலம் எடுக்கவில்லை. வங்கிக்குக் காட்டும் கணக்கில் இலாபம் இருக்கும். வரிக்குக் காட்டுவதில் நட்டம் இருக்கும். உண்மை முதலாளியின் தலைக்குள் இருக்கும். வண்டி ஓட்டும்போது அதை எனக்குச் சொல்வார். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அரசாங்கம் பில்லுக்குப் பணம் தரப் பிந்தும், சீமெந்துக் கடைக்காரர் பொறுக்கமாட்டார். அவ்வளவுதான்.

காப்புறுதியும் அப்படித்தான். வேலைக்கு நாற்பது பேர் வருவார்கள். காப்புறுதியில் பத்துப் பெயர் இருக்கும். யார் விழுந்தாலும் அந்தப் பத்தில் ஒருவர் விழுந்ததாக எழுதுவோம். அதற்காகப் பத்துப் பேரின் அடையாள அட்டைப் படங்களும் எப்போதும் என் போனில் இருக்கும். ஸப்ராஸ் என்ற பையனின் கை முறிந்தபோது வேறொருவர் பெயரில்தான் கட்டுப்போட்டோம். கை நன்றாகப் பொருந்தியது. எலும்பு பெயரைப் பார்த்துப் பொருந்துவதில்லை.

பத்தில் பெண் ஒருவர் மட்டுமே. பரீனா. மணலும் சல்லியும் சுமப்பவர். அவருடைய கணவர் பதியுதீனைத்தான் உங்கள் காப்புறுதிக் கம்பனி இப்போது விசாரிக்கிறது. அவரை விட்டுவிடுங்கள். அவர் நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தவர், வேறொன்றும் செய்யவில்லை.

அன்று பாலாவிக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்துக்குக் கொங்கிறீட் போட்டோம். எங்கள் வீடு கிட்டத்தில்தான். சோறு பரிமாற ஆள் போதாதென்று என் மனைவி நஸ்ஹாவும் வந்திருந்தாள். கொங்கிறீட்டுக்கு அடியில் அடித்த பலகையைத் தாங்கும் இரும்பு முட்டுகளில், பில்லில் இருந்ததில் பாதிதான் வேலைத்தளத்துக்கு வந்திருந்தன. அதுவும் வழக்கம்தான். அந்த பில்லை எழுதியது நான். உப்பளக் காற்றுக்குச் சோற்றில் மண் விழுகிறது என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பலகையின் கீழே ஒதுங்கினாள். பலகை ஒரு பக்கமாக அவள் மேல் இறங்கியது.

இடது கால் நசுங்கியிருந்தது. உயிருக்கு ஆபத்து என்று யாரும் நினைக்கவில்லை. அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். முதலாளிக்குப் போன் எடுத்தேன்.

“மொதல்ல புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ தம்பி. மத்ததப் பொறகு பாப்பம்.”

அவர் சொன்னது இவ்வளவுதான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். போனைத் திறந்து பரீனாவின் அட்டையைக் காட்டினேன். யோசித்ததாக நினைவில்லை. கை பழகிய இடத்துக்குப் போனது. பிறகு யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. வெளியாள் அடிபட்டால் பொலிஸ் வரும், வேலை நிற்கும், காப்புறுதி ஒரு சதமும் தராது. வேலையாள் அடிபட்டால் கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் வைத்துக் காலைக் காப்பாற்றலாம். அவளுக்காகத்தான் செய்தேன்.

தாதி, “பரீனா, பரீனா” என்று கன்னத்தில் தட்டினார். நஸ்ஹா என்னைப் பார்த்தாள்.

“ஆரு பரீனா?”

“கொஞ்ச நேரத்துக்கு நீதான். இன்சூரன்ஸுக்கு.”

“மணல் செமக்கிற அந்த ராத்தாவா? அவக்கு முப்பத்தெட்டு வயசு. என்னப் பாத்தா அவ்வளவு கெழவியாவா ஈக்கி?”

“கதைக்காம இரி.”

“சரி சரி. வூட்ட போய் வெச்சிக்கிறன் ஒங்களுக்கு.”

வலிக்கு மருந்து ஏற்றினார்கள். கண்ணை மூடினாள். கணவர் எங்கே என்று கேட்டார்கள். வருகிறார் என்றேன். நீங்கள் யார் என்றார்கள். கம்பனியின் கிளாக் என்றேன். வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவருகில் நின்றேன்.

மாலையில் பதியுதீன், கடதாசியின்படி, தன் மனைவியின் உடலைப் பொறுப்பேற்றார். மரண விசாரணை அதிகாரியின் முன்னால் அவருக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சி என்று நான் விளக்கம் சொன்னேன். நஸ்ஹாவை எங்கள் மையவாடியில்தான் அடக்கினோம். ஊருக்கு எல்லாம் தெரியும். ஊர் உங்களுக்குச் சொல்லாது.

பரீனா எலுவன்குளத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார். வேலைக்கு வர முடியாது, காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. கிராம சேவகரின் பதிவில் நஸ்ஹா இன்னும் என் வீட்டில் வசிக்கிறாள். மாற்றுவதற்கு மரணச் சான்றிதழ் வேண்டும். அவளுக்கு அது இல்லை.

ஜனாஸா வீட்டில் மாமி, நஸ்ஹாவின் உம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“மகன், ஊசி விசயம் டொக்டர்ட்ட செல்லினீங்க தானே? பென்சிலின் அவக்கு ஒத்துக்காது. சின்னதுலயே மூச்சடைச்சி மவுத்தாகப் பாத்தவ. நான் கலியாணத்தண்டே செல்லி வெச்சன் தானே?”

“ஓம் மாமி. செல்லினன்.”

மாமி என் தலையைத் தடவினார். நீ என்ன செய்வாய் மகனே, அல்லாஹ்வின் நாட்டம் என்றார்.

என் வாக்குமூலத்தில் இனி ஒன்றுதான் மிச்சம். அன்று ஆஸ்பத்திரியில் நான் நின்ற கதவருகே டொக்டர் வந்தார், இளம் ஆள், நிதானமாகத்தான் கேட்டார். பரீனா முன்பு அங்கே பிள்ளை பெற்றவர். அந்தப் பழைய பதிவை எடுத்து வைத்திருந்தார்கள். இவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவும் இல்லையே என்றார். அவருக்குப் பின்னால் தாதி ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். உண்டு என்றால், ஒரு கூலிப் பெண்ணின் உடம்பைப் பற்றிக் கம்பனிக் கிளாக்குக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். பதிவில் ஏன் இல்லை என்று கேட்பார். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும், கணக்கில் அதுதான் முதல் பாடம்.

இல்லை என்றேன்.

பிழையாக எதையும் நான் சொல்லவில்லை. பரீனாவுக்கு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை.