பலகை அடித்த ஸ்டேஷன்

லண்டனில் இரவு இரண்டு மணி. அமெரிக்காவில் அப்போது முன்னிரவு எட்டு. தண்டவாளத்தை ஒட்டி ஒரே ஒரு தெரு... ஈ காக்கை இல்லை.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். இது நம் குமுதாவின் பெரியப்பா மகன் ரவீனுக்கு நடந்தது. இங்கே லண்டன் கிங்ஸ்பரியில், நாலு தெரு தள்ளி.

ரவீனின் தங்கை துஷ்யா, அமெரிக்காவில் அந்தச் சின்ன ரயில் ஊரில் நர்ஸ். தாய் தகப்பன் போனபிறகு அவனுக்கு மிஞ்சியது அவள் ஒருத்திதான். நூறு வருஷத்துக் கட்டடங்களை அங்கே இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். ரயில்காரர்கள் தங்கிய ஓட்டல், வங்கி, செங்கல் ஸ்டேஷன். அந்த ஸ்டேஷனில் கடைசியாக ரயில் நின்று ஐம்பது வருஷம்; இப்போது எல்லாம் நிற்காமல் ஓடிவிடும். கதவில் பலகை அடித்தாயிற்று. ஆனாலும் ரயில் பைத்தியங்களுக்காக ஓட்டல் கூரையில் ஒரு கேமரா. இன்டர்நெட்டில் யாரும் பார்க்கலாம்.

வேலை முடிந்து வரும்போது துஷ்யா அதைப் பார்த்துக் கை காட்டுவாள். வீடு சேர்ந்ததும் ஒரு மிஸ்ட் கால். அது வந்தால்தான் ரவீனுக்குத் தூக்கம்.

அன்றும் கை காட்டினாள். அவளுக்குப் பின்னால்... பலகை அடித்த கதவு திறந்தது. தொப்பி போட்ட ஒருவன். கையில் அரிக்கன் விளக்கு.

ரவீன் பதறிப்போய்ப் போன் எடுத்தான்.

"துஷ்யா, திரும்பிப் பாராதை! ஓடு!"

"என்ன அண்ணை? நான் அப்பவே வீட்டை வந்திட்டன்."

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. அந்தப் படம் ஐந்து நிமிடம் பிந்தித்தான் வரும். அப்பாடா என்று மூச்சு விட்டான்.

திரையில் துஷ்யா திரும்பினாள். விளக்குக்காரன் பின்னால் நடந்தாள். உள்ளே போனாள். கதவில் மறுபடி பலகை.

"துஷ்யா... இப்ப எங்கை நிக்கிறாய்?"

"வீட்டிலைதான்." பின்னால் மணிச் சத்தம். டங்... டங்... "ஆனா நிறையச் சனம் அண்ணை. எல்லாரும் பெட்டியோடை இருக்கினம்."

அடுப்பே இல்லாத அவன் அறையில் கரிப்புகை மணந்தது.

"வெளியிலை வா! உடனை வா!"

போன் கட்டாகிவிட்டது. இடையில் ஒரு கடல் கிடக்கிறது, அவன் என்ன செய்வான்? அந்த ஊர்ப் போலீசுக்குப் போன் அடித்துக் கெஞ்சினான், அழுதான். போய்ப் பார்த்தார்கள். ஆணியெல்லாம் துருவேறி அப்படியே இருந்தது. அவன் விமானம் ஏறிப் போய், காலில் விழாத குறையாகக் கேட்டபிறகுதான் பலகையைப் பெயர்த்தார்கள். உள்ளே தூசி. ஒரு காலடிகூட இல்லை. நீளப் பெஞ்சில் அவளுடைய போன் மட்டும்.

அந்தப் போன் இப்போது ரவீனின் மேசை லாச்சிக்குள், சார்ஜ் செத்துக் கிடக்கிறது. இரவு இரண்டே கால் ஆனால் அந்த நம்பரிலிருந்து ஒரு மிஸ்ட் கால்.

அது வந்தால்தான் இன்றைக்கும் அவனுக்குத் தூக்கம்.