வெள்ளாயணிக் காயலில் சுண்டிய நரம்பு

கிழக்கேகோட்டையிலிருந்து வெள்ளாயணி ஏரிக்குப் போகும் பஸ். என் முன்சீட்டில் தூண்டில் கம்புகளோடு இரண்டு பேர்.

"மீன் கடிச்சா இழுக்கும் அண்ணே. இது பிடிச்சுக்கிட்டு சும்மா நின்னுச்சு," என்றார் இளையவர்.

"மாசிக் குளிருல மீன் அடியில கெடக்கும். வெயில் ஏறின பெறவு போகச் சொன்னேன்லா?" என்றார் மூத்தவர்.

"உச்சை வெயில்லதான் போனேன். ஈயக்குண்டு கூட்டி ஆழத்துல போட்டேன். தூண்டில் நரம்பு இறுகிச்சு."

"தாமர வேருல மாட்டியிருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சு ரெண்டு தடவ சுண்டினேன். அங்கேருந்து ரெண்டு சுண்டு வந்துச்சு. மூணு சுண்டினேன். மூணு வந்துச்சு, கேட்டோ."

மூத்தவர் தன் கம்பை சீட்டோரம் சாய்த்து வைத்தார்.

"பயந்துபோயி கைய அசைக்காம நின்னேன். கொஞ்சம் கழிஞ்சு அதுவாட்டு ஒரு தடவ சுண்டிச்சு, ஆளக் கூப்பிடுற மாதிரி. நரம்ப அறுத்துட்டு ஓடியாந்தேன். நீங்க வந்து பாத்தா என்னன்னு தெரியுமேன்னுதான்..."

"எந்த எடம்?"

"இடிஞ்ச படித்துறைக்குப் பக்கம்."

மூத்தவர் எழுந்துவிட்டார். "அங்க நான் தூண்டில் போடுறத நிறுத்தி வருஷம் பதினொண்ணு ஆச்சுடே. எனக்கும் கடைசில ஒரு சுண்டுதான் வந்துச்சு."

காயலுக்கு இன்னும் இரண்டு ஸ்டாப் இருந்தது. கம்பைக்கூட எடுக்காமல் இறங்கி, திரும்பிப் பாராமல் நடந்தார்.