உள்ள தாராளமா இருக்கு, மேஸ்திரி

...அங்கேயே நில்லுங்க மேஸ்திரி, பக்கவாட்டுல வராதீங்க. வர முடியாது. வயித்தை எக்கிக்கிட்டு வந்தாலும் ஒரு கை மட்டும்தான் உள்ள வரும், மத்ததெல்லாம் வெளியிலதான் நிக்கும். டிக்கிகிட்டயே நில்லுங்க. கேமராவுல முழுசாத் தெரியறீங்க. மேல இருந்து பாக்குற மாதிரியும் காட்டுது இதுல. உச்சியில லேசா வழுக்கை விழ ஆரம்பிச்சிருக்கு, வீட்டுல யாரும் சொல்லலியா?

கண்ணாடியை இறக்கி வெச்சிருக்கேன், நான் பேசுறது கேக்குதில்ல? ஏத்திட்டேன்னா ஒண்ணும் கேக்காது. அவ்ளோ அமைதி. வித்தவர் சொன்னார், ‘உள்ள உக்காந்துட்டா வெளியுலகமே தெரியாது சார்’னு. நெஜம்தாங்க. காலையில புது வண்டியை ஓட்டிட்டு வந்து இந்த ஷெட்டுக்குள்ள விட்டேன். அதுலேருந்து வெளியுலகம் தெரியல.

கதவா? கதவெல்லாம் நல்லாத்தான் திறக்குது. நாலு விரல் திறக்குது. அப்புறம் உங்க சுவர். இந்தப் பக்கம் நீங்க கட்டின சுவர், அந்தப் பக்கம் எங்கப்பா கட்டின சுவர். அப்பா கட்டினதைக் குறை சொல்ல மாட்டேன், அது ரெண்டு பசங்களுக்கும் சேத்து ஒரே ஷெட்டா கட்டினது, ரெண்டு வண்டி தாராளமா நிறுத்தலாம். நடுவுல நீங்க வந்து கட்டினீங்களே, அதைத்தான் சொல்றேன். என்னங்க பாக்குறீங்க? நான் சொல்லித்தான் கட்டினீங்க, இல்லங்கல. அதுக்காக?

அளக்காம வாங்குவேனா? அளந்தேங்க. ஷெட்டை அளந்தேன், வண்டியை அளந்தேன், கச்சிதமா உள்ள போகும்னு தெரிஞ்சுது. போச்சா இல்லியா? கண்ணாடிச் சிறகு ரெண்டையும் மடக்கிக்கிட்டு வழுக்கிக்கிட்டுப் போச்சு. மனுஷன் வெளிய வரணுமேங்கறதை மட்டும் அளக்கல. மூடின கதவோட அளந்துட்டேன். எவனாவது வண்டி வாங்கும்போது நாலு கதவையும் பப்பரப்பான்னு திறந்து வெச்சு அளப்பானா? நீங்களே சொல்லுங்க.

உள்ள பாருங்க, எவ்ளோ இடம்! அங்கேருந்து தெரியாது... சரி, நான் சொல்றேன். பின் சீட்டுல உக்காந்து காலை நீட்டினா முன் சீட்டைத் தொட முடியல. நான் போய் உக்காந்து பாத்துட்டேன். எப்படிப் போனேனா? நடுவுல புகுந்துதான். தலைக்கு மேல ஒரு சாண். பின் கண்ணாடிக்குத் திரை இருக்கு, பட்டனைத் தட்டினா தானே எழுந்து வருது. நடுவுல கை வெச்சுக்க ஒரு திண்டு, அதை இறக்கினா டம்ளர் வைக்க ரெண்டு குழி. டம்ளர்தான் உள்ள வர மாட்டேங்குது.

வீட்டுக்காரி டீ போட்டுட்டு வந்தா. நீங்க நிக்கிற எடத்துலதான் நின்னா. ‘வெளிய வந்து குடிங்க’ன்னா. ‘நான் சிஸ்டத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கேன், அப்புறம் வர்றேன்’னேன். அவ டம்ளரைப் பாத்தா, சுவத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா. டீயை அவளே குடிச்சுட்டுப் போயிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு ஒட்டடைக் கம்பு நுனியில பையைக் கட்டி, அதுல ரெண்டு வாழைப்பழம் போட்டு நீட்டினா. முப்பது வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன், எனக்கு அவ கம்புல கட்டி சாப்பாடு குடுக்குறா!

ம்... டிக்கி வழியா வரலாமேங்கறீங்களா? அதைத்தான் அவளும் சொன்னா. பின் சீட்டைச் சாய்ச்சா டிக்கிக்குள்ள போகலாமாம். நான் என்ன ஸ்டெப்னி டயரா மேஸ்திரி? மேல கண்ணாடிக் கூரை திறக்குது, அது வழியா வரப் பாத்தேன். தோள் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் வயிறு. அப்படியே பாதி மேல பாதி கீழ நின்னுக்கிட்டு, ஷெட்டுக் கூரையைப் பாத்தேன். மேல ரெண்டு ஓடு உடைஞ்சிருக்கு, அதையும் மாத்தணும். குறிச்சுக்கோங்க.

பின்னாடி எடுத்தா தெருவுக்கு வந்துடலாம், எனக்குத் தெரியாதா? தெருவுல நின்னா யார் கண்ணுல படும்? தம்பி கண்ணுல. பக்கத்து வீடுதானே, அவன் ஜன்னல் தெருவைத்தான் பாக்குது. ‘அண்ணன் வாங்கின வண்டி அண்ணன் கட்டின சுவத்துக்குள்ள அடங்கல’ன்னு சிரிப்பான். வாயை விட்டுச் சிரிக்க மாட்டான் அவன். தோள் மட்டும் குலுங்கும். அதைப் பாக்குறதுக்கு நான் இங்கேயே குடியிருந்துடுவேன்.

குடியிருக்கலாம் மேஸ்திரி, ஒரு கொறையும் இல்ல. சீட்டு முதுகு பிடிச்சு விடுது. மேல பிடிக்கணுமா, கீழ பிடிக்கணுமான்னு கேட்டுக் கேட்டுப் பிடிக்குது. இந்த வீட்டுல என்னைக் கேட்டு எது நடந்திருக்கு? உக்கார்ற எடத்துல குளிர்காத்து வேற வருது, அது எனக்குப் பழகல, ரெண்டு தடவை திரும்பிப் பாத்தேன். அப்புறம் ஒரு பொண்ணு பேசுறா உள்ளேருந்து. ‘எங்க போகணும்?’ங்கறா. ‘வெளிய’ன்னேன். ‘மன்னிக்கவும், அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை’ங்கறா.

இவ்ளோ பெரிய வண்டி எதுக்குன்னு நீங்க மனசுல நெனைக்கறது தெரியுது. எங்கம்மாவுக்காகத்தாங்க. முட்டி மடங்காது அவங்களுக்கு. தம்பி வண்டி தீப்பெட்டி மாதிரி, அதுல ஏறினா எறங்குறதுக்குள்ள அழுதுடறாங்க. இதுல காலை நீட்டிக்கிட்டுப் படுக்கலாம். நான் பாத்துப் பாத்து எடுத்தேன். காலையில வரும்போதே போன் பண்ணினேன், ‘அம்மா, கெளம்பி நில்லுங்க, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்’னு. என்ன சொன்னாங்க தெரியுமா? ‘தம்பியும் வந்தா வர்றேன்’ங்கறாங்க. அவன் வீட்டுலதானே இருக்காங்க, சுவர் எழும்பின அன்னிக்கே பெட்டியைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாங்க.

எதுக்குச் சண்டைன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. தெரியாதா? கட்டும்போது சொல்லலியா நான்? மழைக்கு ஷெட்டுக்குள்ள கயிறு கட்டி ஈரப் போர்வையைக் காயப்போட்டான். அது என் பழைய வண்டி மேல சொட்டுச்சு. ‘தண்ணிதானே அண்ணே’ங்கறான். தண்ணிதான். ஆனா என் வண்டி மேல எதுக்குச் சொட்டணும்? ‘நடுவுல சுவர் வெச்சுடறேன்டா’ன்னேன். ‘வெச்சுக்கோ’ன்னான். அப்படிச் சொல்லலாமா ஒரு தம்பி? ‘வேண்டாம்ணே’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எதுக்கு உங்களைக் கூப்பிடப் போறேன்!

நீங்களாவது சொல்லியிருக்கலாம்... ஆமா, சொன்னீங்க. நாலரை இஞ்சு சுவர் போதும் சார்னு சொன்னீங்க. நான்தான் ஒம்பது இஞ்சு வேணும்னேன், அவன் டிவி சத்தம் கேக்கக் கூடாதுன்னு. ரெண்டு பேர் எடத்துலயும் பாதிப் பாதியா கட்டலாம்னும் சொன்னீங்க. அவன் எடம் எனக்கு ஒரு நூல் வேண்டாம், மொத்தத்தையும் என் பக்கமே கட்டுங்கன்னேன். ஞாபகம் இருக்குங்க, எல்லாம் ஞாபகம் இருக்கு. இப்ப அதைப் பேசி என்ன ஆகப் போகுது?

வேலைக்கு வருவோம். எனக்கு என்ன வேணும்னா, கதவு திறக்கிற எடத்துல மட்டும் சுவத்துல ஒரு பள்ளம். கதவோட சைசுக்கு. முன் கதவுக்கு ஒண்ணு, பின் கதவுக்கு ஒண்ணு. அந்தப் பக்கம் ஓட்டை விழக் கூடாது. சத்தமும் கேக்கக் கூடாது. தம்பிக்குத் தெரியாம முடிக்கணும். தலையை ஆட்டுறீங்களே, முடியும்னு ஆட்டுறீங்களா, முடியாதுன்னு ஆட்டுறீங்களா? கேமராவுல சரியாத் தெரியல.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன மேஸ்திரி... காலையிலேருந்து இதுக்குள்ள உக்காந்து எல்லா பட்டனையும் தட்டிப் பாத்துட்டேன். வெளக்கு நீலமாச்சு, பச்சையாச்சு, ஊதாவாச்சு. அஞ்சு பேர் உக்கார்ற எடம் இது. பக்கத்து சீட்டுல ஆள் இல்ல, பெல்ட் போடுன்னு அது கத்தவும் இல்ல. கஷ்டமா இருக்குங்க. சின்ன வயசுல அப்பாவோட ஓட்டை வண்டியில நானும் அவனும் ஒரே சீட்டுல இடிச்சுக்கிட்டு உக்காருவோம். அப்ப இடமே பத்தல, இப்ப... அதை விடுங்க. பள்ளத்துக்கு எத்தனை நாள் ஆகும்?

மேஸ்திரி?

அட, ஆளைக் காணோம். கேமராவுல தெருதான் தெரியுது. பேசிக்கிட்டே இருக்கேன், பாதியில போனா எப்படி? மேஸ்திரி! சாமான் எடுக்கப் போனீங்களா? அது என்ன சத்தம்... கேமராவுல இந்தப் பக்கமெல்லாம் செவப்பாக் காட்டுது, கீ கீன்னு கத்துது... தூசு... யோவ், யாருய்யா அந்தப் பக்கம் இடிக்கிறது? நான் இன்னும் சரின்னே சொல்லலியே! மேஸ்திரி, தம்பிகிட்ட எதுக்குய்யா போய்ச் சொன்னீங்க!

யாரு? ...நீயாடா?

டேய், அப்படி அடிக்காதடா! நடுவுல அடிச்சா மொத்தமா சாயும். மேலேருந்து ஒவ்வொரு கல்லா எடுக்கணும். ஒரு வேலையாவது ஒழுங்கா தெரியுதா உனக்கு? சுத்தியலை மேஸ்திரிகிட்ட குடு. ...இல்ல, இரு, குடுக்காத. நீயே இடி. நீ இடிக்கிறதுதான் சரி.

ஆமா, உள்ளதான் இருக்கேன். காலையிலேருந்து. ஓட்டையில மூஞ்சியை வெச்சுக்கிட்டு என்ன பாக்குற? ஆமாடா, மூடின கதவோடதான் அளந்தேன். ஆமா, ஒம்பது இஞ்சுதான். சிரிக்காத. டேய், சிரிக்காதன்னு சொல்றேன்ல... தோள் குலுங்குது பாரு, எனக்குத் தெரியாதா...

சரி, சிரிச்சுக்கோ. சிரிச்சு முடிச்சுட்டு அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாசலுக்கு வா. நான் வண்டியைத் தெருவுக்கு எடுக்குறேன்.